வாத்தியங்களுக்குக் கேட்ட அறை

என் தங்கை தேவகுமாரி வென்றெடுத்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் பாடசாலையின் விசேட கல்வி அலகு மூடப்படாமல் இன்றும் நடக்கிறது. அதன் வாசற்படியை இடித்து, சில்லு நாற்காலி ஏறுவதற்குச் சாய்வாகச் சீமெந்து போட்டாயிற்று. பண்டத்தரிப்புக்கும் மாதகலுக்கும் இடையில் வீட்டுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்த ஆறு பிள்ளைகள் வெள்ளைச் சீருடை போட்டு வகுப்புக்கு வருகிறார்கள். பாடசாலை இல்ல அணிகளின் விளையாட்டுப் போட்டி அணிநடையில் அவர்களும் தங்கள் இல்லத்தின் நிறச் சட்டையோடு மற்றவர்களுக்கு நடுவில் நடக்கிறார்கள். கடைசியில் தனி வரிசையாக அல்ல. பிள்ளையோடு தாயும் நாள் முழுக்க வகுப்பில் இருக்கவேண்டும் என்ற கட்டளை இல்லாமல் போயிற்று.

இவற்றை 'வென்றாள்' என்று எழுதக் கை கூசுகிறது. இதில் ஒன்றுகூடப் போட்டிக்கு வைத்த பரிசல்ல. பாடசாலைக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் கேளாமலே கிடைக்கிற கதிரை, கூரை, சட்டை. அவளுடைய பிள்ளைக்கு மட்டும் அவற்றைச் சண்டை பிடித்து வாங்கவேண்டி இருந்தது. பெற்றோர் ஒன்றியத்தின் மலருக்கு அவளைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். அன்பான தாய், பொறுமையின் இருப்பிடம் என்றெல்லாம் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அவள் பொறுமைசாலி அல்ல. பொறுமையாக இருந்த காலத்தில் ஒன்றும் நடக்கவுமில்லை.

தேவகுமாரி பிறந்தது 1988இல். பொன்னம்பலத்தாருக்கு நாங்கள் மூன்று பிள்ளைகள். நான் மூத்தவன், அவள் கடைசி. 1995இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அவள் இரண்டாம் வகுப்பு. மிருசுவிலில் ஒரு தென்னங்காணிக்குள் தறப்பாள் கட்டி இருந்துவிட்டு அடுத்த வருடம் திரும்பினோம். மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டபோது அவளுக்குப் படித்த எழுத்தும் மறந்துபோயிருந்தது. அந்த வகுப்பு வாத்தியார் அவளைக் கடைசி வாங்கில் இருத்தி, "உவளுக்கு ஏறாது" என்றார். அதற்குப் பிறகு தண்ணீர் அள்ளவும் வகுப்புக் கூட்டவும்தான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தவணை முடிய அவள் நின்றுவிட்டாள். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைக்கு எழுத்து மறப்பது அதிசயமா? திரும்பச் சொல்லிக் கொடுப்பதற்குத்தானே வாத்தியார்? அன்று இதைக் கேட்க எங்கள் வீட்டில் ஆளில்லை.

பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். எழுத வராது. கூட்டுறவுச் சங்கக் கடையில் நிவாரணம் எடுத்ததும் கைநாட்டு, 2009இல் ஜெயரூபனை மணம் முடித்துப் பதிந்ததும் கைநாட்டு.

அடுத்த வருடம் கீர்த்திகன் பிறந்தான். டவுன் சின்ட்ரோம் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். எங்கள் சொந்தக்காரர் சிலர் வேறு பெயர்கள் சொன்னார்கள். அவற்றை இங்கே எழுத மாட்டேன். அவனுக்கு ஆறு வயதானதும் தேவகுமாரி பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதிபர் பிள்ளையை ஒருதரம் பார்த்துவிட்டு, "அலகு இருக்குதுதான். ஆனால் தாய் முழுநாளும் கூட இருக்கவேணும். இருந்தால் எடுக்கலாம்" என்றார். ஜெயரூபன் மேசன் வேலைக்கு மன்னாருக்குப் போய் மாதம் ஒருமுறைதான் வருவான். தேவகுமாரி வெங்காயத் தோட்டங்களில் புல்லுப் பிடுங்கிக் குடும்பம் நடத்தியவள். முழுநாளும் வகுப்பில் இருந்தால் சோற்றுக்கு என்ன வழி என்று அதிபர் கேட்கவில்லை.

அலகு நடந்தது பழைய களஞ்சிய அறையில். மற்ற வகுப்புகள் அரைச்சுவர் வைத்த மண்டபங்களில் நடக்க, இந்த அறைக்கு மட்டும் முழுச்சுவரும் இரும்புக் கதவும் இருந்தன. தயாளினி ரீச்சர் ஒருவரே எல்லாப் பிள்ளைகளுக்கும். பிள்ளைகளோடு தாய்மாரும் உள்ளே இருந்தால் மூச்சு விட இடமிராது. ஆகவே தாய்மார் பக்கத்திலிருந்த சைக்கிள் தரிப்பிடத்தில் குந்தியிருப்பார்கள். பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்தால் கூப்பிடுவார்கள். அதற்காகக் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அங்கே இருக்கவேண்டும்.

தேவகுமாரி அங்கேதான் அருந்ததியைச் சந்தித்தாள். அருந்ததியின் மகன் நிருஷன் பேசமாட்டான், ஓரிடத்தில் நிற்கவும் மாட்டான். தாய்மாருக்கு நடுவில் ஒரேயொரு தகப்பன்; மாதகலில் கடற்றொழில் செய்கிற அடைக்கலநாதன். அவருடைய மகள் ஜெயனிக்கு நடக்க ஏலாது. சைக்கிளின் முன்பாரில் இருத்திக் கொண்டுவருவார்.

"என்ரை மோள் ஓடமாட்டாள், உங்கடை பெடியன் நிக்கமாட்டான்," என்று அவர் அருந்ததிக்குச் சொல்வாராம். "ரெண்டு பேரையும் கலந்தால் கணக்காய் ஒரு பிள்ளை வரும்."

"உங்கடை வாயையும் அவனுக்குக் குடுங்கோ அண்ணை. அப்ப அவனும் கதைப்பான், ஊருக்கும் நிம்மதி," என்பாள் அருந்ததி.

ஒரு நாள் தேவகுமாரி கேட்டாள்: "ஏன் நாங்கள் எல்லாரும் இஞ்சை காவல் இருக்கிறம்? ரெண்டு பேர் உள்ளுக்கை நிண்டால் காணாதோ? மற்றாக்கள் வேலைக்குப் போகலாமே."

அப்படித்தான் முறை வைக்கத் தொடங்கினார்கள். முறைக்காரத் தாய் தன் பிள்ளையை மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளையும் கழுவுவாள், சோறு தீற்றுவாள். பொறுப்பு யார் என்று அதிபர் சத்தம் போட்டார். "நாங்கள்" என்றாள் தேவகுமாரி. ரீச்சரும் ஓம் என்றார். ஒன்றியம் பிறந்தது அன்றுதான். பதாகை கட்டி, மங்கள விளக்கேற்றித் தொடங்கிய சங்கமல்ல இது. வெங்காயத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்ற அவதியில் தொடங்கியது.

முறையைப் பாடசாலைக்கு வெளியேயும் கொண்டுபோனார்கள். சாமத்தியவீடு, கலியாணவீடு என்றால் இப்படியான பிள்ளையை யாரோ ஒருவரின் பொறுப்பில் அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். இல்லையென்றால் தாய் போகாமல் நிற்பாள். அருந்ததி சொந்தத் தம்பியின் கலியாணத்துக்கே போகவில்லை. தேவகுமாரியும் மற்றவர்களும் முதலில் பிள்ளையைப் பார்க்கத் தாங்கள் நின்று, தாயைக் கலியாணத்துக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் தேவகுமாரிக்கு அதுவும் பிடிக்கவில்லை. பிள்ளைகளையும் உடுப்புப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் இருத்தினார்கள். ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் தாய், "நல்ல நாளிலை உதுகளை ஏன் முன்னுக்கு இருத்துறியள்?" என்று கேட்டாளாம். தேவகுமாரி சோற்றைக் குழைத்தபடியே, "பசிக்குது, அதுக்குத்தான்" என்றாளாம். கேள்விப்பட்ட வீட்டுக்காரர் சிலர், மூலையில் வைத்திருந்த தங்கள் பிள்ளைகளைப் பற்றியும் மெல்ல வந்து சொன்னார்கள். நான் முன்பு எழுதிய ஆறு பிள்ளைகள் அப்படி வெளியே வந்தவர்கள்தான்.

முறைக்கு நிற்கிற நாட்களில் தேவகுமாரி எழுதவும் தொடங்கினாள். கீர்த்திகன் பென்சிலைத் தொடமாட்டான். தாயின் கையிலும் ஒரு பென்சில் இருந்தால் மட்டும் பிடிப்பான். ஆகவே ரீச்சர் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு கொப்பி கொடுத்தார். அவனுக்குப் போடுகிற கோட்டெழுத்தை அவளுக்கும் போட்டார். வீட்டுக்கு வந்தும் இரண்டு பேரும் அடுப்படியில் குந்தியிருந்து எழுதுவார்கள். அவளுக்கு ஏறாது என்று சொன்னவர் இன்றும் உயிரோடுதான் இருக்கிறார். ஓய்வூதியம் எடுக்கிறார்.

இனி அந்த அறைக்கு வந்த வில்லங்கத்தைச் சொல்லவேண்டும்.

பாடசாலைக்கு வெளியாட்கள் வருகிற நாள் என்றால், முதல்நாள் பிரதி அதிபர் சைக்கிள் தரிப்பிடத்துக்கு வருவார். மிகவும் பணிவாகத்தான் கதைப்பார். "நாளைக்குப் பரிசளிப்பு. சனம் கூட. பிள்ளையள் பயந்துபோவினம். வீட்டிலை வைச்சிருங்கோவன்." விளையாட்டுப் போட்டிக்கு வெயில் என்பார். வாணிவிழாவுக்குச் சத்தம் என்பார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பரிசோதனைக்கு வந்தால், "மேடம் ஆக்கள் வகுப்பு வகுப்பாய்ப் போவினம், உங்கடை பிள்ளையளுக்குக் கரைச்சல்" என்பார். எங்கள் ஊரில் படிப்பிக்கிற ஆளின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லும் வழக்கமில்லை. தாய்மார் எல்லோரும் எழும்பி நின்று "ஓம் சேர்" என்பார்கள். என் தங்கையும் சொன்னாள். அடுத்த நாள் பிள்ளைகள் வீட்டில். ரீச்சரை விருந்தினருக்குத் தேநீர் கொடுக்க விடுவார்கள்.

2018ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு நாள் தயாளினி ரீச்சர் சைக்கிள் தரிப்பிடத்துக்கு வந்து, முகம் செத்துப்போய்ச் சொன்னார்: "அலகை மூடப்போகினமாம். வலயத்திலை இருந்து மூண்டு தரம் வந்து பாத்தவையாம். மூண்டு தரமும் உள்ளுக்கைப் பிள்ளையள் இல்லையாம்."

அருந்ததிக்கு விளங்கவில்லை. "எங்கடை பிள்ளையள் வராமல் நிக்கிறதே இல்லையே ரீச்சர். மழைக்கும் வாறது."

"அவையள் வந்த நாளுகளிலை வராமல் நிண்டது."

பிறகு தேவகுமாரி சொன்னாள்: "ஆர் நிப்பாட்டினது? நாங்கள்தான். 'ஓம் சேர்', 'ஓம் சேர்' எண்டு சொல்லி எங்கடை பிள்ளையளை நாங்களே இல்லாமல் ஆக்கியிருக்கிறம்."

மூடுவதற்குப் பாடசாலையிலும் அவசரம் இருந்தது. கனடாவில் இருக்கிற பழைய மாணவர்கள் பாண்ட் வாத்தியங்கள் ஒரு தொகுதி வாங்கி அனுப்பியிருந்தார்கள். பூட்டிப் பாதுகாக்க அறை வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. இரும்புக் கதவுள்ள அறை ஒன்றுதான் இருந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அந்த அறையை வாத்தியங்களுக்கு ஒதுக்கிவிட்டால், அறை இல்லையென்று எழுதி அலகை மூடுவது சுலபம். அடுத்த அலகு இருப்பது யாழ்ப்பாணம் நகரில். பேருந்தில் ஏறினால் நிருஷன் கத்துவான். ஜெயனியைத் தூக்கி ஏற்றவே நடத்துநர் பொறுக்கமாட்டார். மூடினால் பிள்ளைகள் எல்லோரும் திரும்ப வீட்டு மூலைக்குத்தான். கீர்த்திகன் அப்போதுதான் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதத் தொடங்கியிருந்தான்.

என் மகளும் அதே பாடசாலையில் தரம் எட்டில் படித்தாள். சங்கத்தின் பொதுக்கூட்ட அறிவித்தலை அவள்தான் கொண்டுவந்தாள். நான் தேவகுமாரி வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு உது வரேல்லையே அண்ணை."

"கீர்த்திகன்ரை கையிலை தர மறந்திருப்பினம்," என்றேன்.

"அருந்ததிக்கும் வரேல்லை. அடைக்கலநாதன் அண்ணைக்கும் வரேல்லை. எல்லாருக்கும் சேத்தோ மறக்கிறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் கூட்டத்துக்கு வந்தார்கள். பிள்ளைகளையும் கொண்டுவந்தார்கள். வெள்ளைச் சீருடை, தலை வாரி இழுத்து, பவுடர் போட்டு. மண்டபத்தின் முன்வரிசையில் போய் இருந்தார்கள். பின்னால் குசுகுசுப்பு எழுந்தது. சங்கத்தின் செயலாளர் முருகேசர் முன்பு சங்கக் கடையில் எழுதுவினைஞராக இருந்தவர். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது பெற்றோருக்கான கூட்டம்."

"நானும் பெத்தனான்தான் ஐயா."

மண்டபத்தில் சிரிப்பு. முருகேசர் சிரிக்கவில்லை. "அலகுப் பிள்ளையளின்ரை தாய்தேப்பனைச் சங்கத்திலை சேக்கிற வழக்கம் இல்லை."

"அப்ப என்ரை மகன் எந்தப் பள்ளிக்கூடம்? அவன்ரை சட்டையிலை குத்தியிருக்கிற சின்னம் ஆற்றை?"

அதிபர் தலையிட்டு, "சரி, இருக்கட்டும். கேட்டுக்கொண்டு இருக்கட்டும்" என்றார். இருப்பதற்கு அனுமதி கொடுத்தாராம்.

புது வாத்தியங்களை எல்லோரும் பார்க்கட்டும் என்று மேடையில் அடுக்கி வைத்திருந்தார்கள். வரவேற்புரை நடந்துகொண்டிருக்கையில் நிருஷன் அருந்ததியின் கையை உதறிவிட்டு ஓடிப்போய்ப் பெரிய மேளத்தில் இரண்டு கையாலும் அடித்தான்.

"பிள்ளையைப் பிடியுங்கோ! பிள்ளையைப் பிடியுங்கோ!" அதிபர் கத்தினார்.

அடைக்கலநாதன் இருந்த இடத்தில் இருந்தே சொன்னார்: "சேர், மேளம் வந்தது அடிக்கத்தானே. முதலாவது ஆள் வந்திட்டான். பிறகேன் கோவிக்கிறியள்?"

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அறை விடயம் வந்ததும் சிரிப்பு நின்றது. பழைய மாணவர் ஒருவர் எழும்பி, "பத்துப் பிள்ளையளுக்காக முழுப் பள்ளிக்கூடத்தின்ரை வாய்ப்பையும் கெடுக்கிறதோ? அவையளுக்கு மரத்துக்குக் கீழை எண்டாலும் வகுப்பு வைக்கலாம். வாத்தியம் மழையிலை நனைஞ்சால் பழுதாய்ப் போகும்" என்றார்.

தேவகுமாரி எழும்பினாள். நான் அவளுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

"மேளம் நனையக்கூடாது, என்ரை பிள்ளை நனையலாம். அப்பிடித்தானே ஐயா சொல்லுறியள்? சரி. நான் அதிபர் சேரிட்டை ஒண்டு கேக்கிறன். வெளியாக்கள் வாற நாளிலை பிள்ளையளைக் கொண்டுவராதேங்கோ எண்டு எங்களுக்குச் சொன்னது ஆர்?"

பிரதி அதிபர் செருப்பைப் பார்த்தார்.

"அது பிள்ளையளின்ரை நன்மைக்காக," என்றார் அதிபர்.

"அப்ப பிள்ளையள் வாறேல்லை எண்டு வலயத்துக்குச் சொன்னதும் நன்மைக்கோ? பரிசளிப்புக்கு வேண்டாம் எண்டியள், ஓம் எண்டம். விளையாட்டுக்கு வேண்டாம் எண்டியள், ஓம் எண்டம். மேடம் ஆக்கள் வரேக்கையும் வேண்டாம் எண்டியள். நீங்கள் வீட்டிலை நிப்பாட்டுவியள், பிறகு வரவு இல்லை எண்டு மூடுவியளோ? இண்டைக்கு ஆரும் சொல்லேல்லை, அதாலைதான் கொண்டுவந்தம். எண்ணிப் பாருங்கோ. எல்லாரும் இருக்கினம்."

மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. அந்தப் பிள்ளைகள் வகுப்புக்கு வரத்துப்போக்கு இல்லாதவர்கள் என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. தயாளினி ரீச்சர் ஆசிரியர் வரிசையிலிருந்து எழும்பி, "அவ சொல்லுறது உண்மை" என்றார். அந்தச் சொல்லுக்காக ரீச்சர் பிறகு பட்டபாடு எனக்குத் தெரியும்.

தேவகுமாரி இன்னும் கதிரையில் இருக்கவில்லை. "நான் முன்மொழியிறன். அறை பிள்ளையளுக்கே இருக்கவேணும். ஆர் வந்தாலும், மந்திரி வந்தாலும், எங்கடை பிள்ளையளும் வகுப்பிலை இருப்பினம்."

முருகேசர் வழிமொழிய யார் என்று கேட்டார். பின்வரிசையில் இருந்து ஒரு தாய் கையைத் தூக்கினாள். அவளுடைய மகன் புலமைப்பரிசில் வகுப்பு. எங்களுக்கு உறவுமில்லை, பழக்கமுமில்லை. "நான் வழிமொழியிறன். நிப்பாட்டிப்போட்டு வரேல்லை எண்டு சொல்லுறது என்ன நியாயம்?" என்றாள். பிறகு கைகள் எழும்பின. எண்ணவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அதிபர் குனிந்து முருகேசரின் காதில் ஏதோ சொன்னார். முருகேசர் கூட்டக் குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"தீர்மானத்தை முன்மொழிஞ்ச ஆள் இஞ்சை கையெழுத்து வைக்கவேணும். இல்லாட்டில் செல்லாது. தங்கச்சி, உமக்குக் கைநாட்டு எண்டு எனக்குத் தெரியும். சங்கக் கடையிலை எத்தினை தரம் பிடிச்சு வைப்பிச்சிருக்கிறன். மைப்பெட்டி இண்டைக்குக் கொண்டுவரேல்லை. அடுத்த கூட்டத்திலை எடுப்பம்."

அடுத்த கூட்டம் என்றால் தை மாதம். அதற்கு முன்னரே வாத்தியங்கள் அந்த அறைக்குள் போய்விடும். போனபிறகு யாருடைய தீர்மானமும் அவற்றை வெளியே எடுக்காது. அது மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் எழும்பி, தமையன் நான் வைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அவள் கீர்த்திகனைக் கையில் பிடித்துக்கொண்டு மேசையடிக்குப் போனாள். முருகேசரின் கையில் இருந்த பேனையைக் கேட்டு வாங்கினாள். மேசை உயரம் காணாததால் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். மண்டபம் முழுக்கப் பொறுத்திருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் கொப்பியில் எழுதுவதுபோலத் தனித்தனியாக எழுதினாள்.

"இவ்வளவு நேரம் எடுக்கத் தேவையில்லை, தங்கச்சி. கையெழுத்து எண்டால் ஒரு கிறுக்குக் கிறுக்கினால் காணும்," என்றார் முருகேசர்.

"எனக்குக் கிறுக்கத் தெரியாது ஐயா," என்றாள் தேவகுமாரி. எழுதி முடித்தபின் மகனுக்கு அதைக் காட்டினாள். முருகேசர் குறிப்பேட்டை இழுத்தெடுத்துப் பார்த்தார். பிழையில்லை. தீர்மானம் நிறைவேறியது என்று சத்தமாக வாசித்தார். அதற்குமேல் அவருக்கும் வேறு வழியில்லை.

இந்த மலருக்காக அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தீர்மானத்தின் கீழே நீல மையில், கோட்டுக்கு மேலே கொஞ்சம் தூக்கி, ஜெயரூபன் தேவகுமாரி என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் முருகேசரின் கையால் திகதி போட்டிருக்கிறது. என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாக இட்ட நாள், 2018 செப்டெம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை.